மறுபடியும் ஒரு ஜாமீன் கையெழுத்து

என் உயிரான அத்தாவுக்கு,

நாளைக் காலை மொரப்பூரில் ரயிலேறுகிறேன். மறுபடியும் சென்னை, மறுபடியும் படிப்பு. மகப்பேறு மருத்துவத்தில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு அரசு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. செலவு அவர்களுடையது, சம்பளமும் நிற்காதாம். சந்தோஷமான சேதிதான். ஆனால் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபத்தாறில் எனக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தபோது, தருமபுரி சைக்கிள் கடையில் கிரீஸ் கையோடு நின்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "சர்க்காரு எதுக்கும்மா நம்ம புள்ளைய சும்மா படிக்க வெக்குது?"

சும்மா இல்லை என்றேன். உதவித்தொகை வாங்கினால், படித்து முடித்துக் கிராமத்தில் வேலை செய்வேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டும். அதற்கு அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும்; நான் வாக்குத் தவறினால் பணம் அவர் தலையில். எத்தனை வாசலில் போய் நின்றீர்கள்! "பொட்டப்புள்ளைங்க பாய். நாளைக்கே நிக்கா ஆயி போயிட்டா யாருங்க பதில் சொல்றது?" என்றார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டவர், உங்களிடம் பஞ்சர் ஒட்ட வரும் தாலுகா ஆபீஸ் கிளார்க் கோவிந்தசாமி அண்ணன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். நான் வேலை பார்ப்பதை ஒரு நாளாவது நீங்கள் பார்த்திருக்கலாம்.

இப்போது பாப்பாரப்பட்டிக்கு அப்பால் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான் டாக்டர். போன மழைக்காலத்தில் மாதம்மா என்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை, அங்கே ஆபரேஷன் அறையும் இல்லை. கடலைக்காய் மூட்டை ஏற்றிய லாரியை மறித்து, நானும் கூடவே ஏறித் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை உயிரோடு இல்லை.

அன்றைக்குத்தான் மேற்படிப்புக்கு எழுதிப்போட்டேன்.

உத்தரவு வந்த அன்று எங்கள் கம்பவுண்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "பழைய பாண்டு முடியறதுக்குள்ள போறீங்களே டாக்டரம்மா, ஜாமீன் போட்டவரு பென்ஷன்ல கை வெச்சிருவாங்க." கோவிந்தசாமி அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான். மறுநாளே ஆபீசுக்கு ஓடினேன். பயிற்சிக் காலமும் பணியில்தான் சேருமாம், பழைய ஜாமீனுக்குப் பங்கமில்லை. ஆனால் திரும்பி வந்து அரசுப் பணியில் இருப்பேன் என்று புதுப் பாண்டு எழுத வேண்டும். அதற்கும் ஒரு ஜாமீன்.

நீங்கள் நின்ற அதே வாசலில் நான் போய் நின்றேன். அண்ணன் காகிதத்தை இரண்டு முறை படித்தார். அண்ணி கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கத்தா கேட்டப்ப பயந்துகிட்டுதாம்மா போட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்குது," என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். "எங்க போடணும், சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரின் முதுமையை நான் பணயம் வைத்திருக்கிறேனா? எனக்கு ஒன்று ஆகிவிட்டால்?

அதோடு முடியவில்லை அத்தா. எனக்குப் பதிலாக வர வேண்டிய டாக்டர் இன்று வரை வரவில்லை. "வருவாருங்க" என்கிறார்கள். திங்கட்கிழமை நான் சேராவிட்டால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நேற்று மாதம்மா வந்தாள். மறுபடியும் கர்ப்பம், ஐந்து மாதம். வயிற்றில் பழைய தையல் இருக்கிறது, ஊரில் வைத்துப் பிரசவம் பார்க்கவே கூடாது.

"நீங்க போயிட்டா நாங்க எங்கீங்க போறது?"

கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? கற்று முடிக்கும்வரை அவள் வயிறு காத்திருக்குமா? பஸ் ஏறித் தருமபுரிக்கு, அம்மாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா எழுந்துபோய் உங்கள் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். அப்புறம், "எட்டு மாசம் ஆனதும் நம்ம வூட்டுக்கே வந்துரட்டும். ஆஸ்பத்திரி நடந்து போற தூரந்தான். உங்கத்தா ரூம ஒழிச்சுத் தர்றேன்," என்றார்.

இன்று காலை உங்கள் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம். உங்கள் சட்டைகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். தவறு என்றால் மன்னியுங்கள்.

படித்து முடித்ததும் இந்த மாவட்டத்துக்கே வருவேன். இது பாண்டில் எழுதியதற்காக இல்லை, அத்தா. உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் அறையை ஒரு தாய்க்குக் கொடுத்துவிட்டுப் போகும்
உங்கள் மூத்த மகள்,
ஜமீலா