கிழவன் உறுமட்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் விடுதி வார்டன் இதற்குள் ஃபோன் போட்டிருப்பார். உனக்கு வேண்டியது எங்கள் சௌக்கியம் இல்லை, விடுமுறையில் நீ தூக்கிக்கொண்டு வந்த நாய்க்குட்டி உருண்டை இன்னும் வீட்டில் இருக்கிறானா என்பதுதான். "அப்பா அவனைக் கொடுத்துடுவாரு" என்று அம்மாவிடம் அழுதாயாம். கொடுக்கத்தான் இருந்தேன். முழுசாகக் கேள்.

நீ போனதிலிருந்து உருண்டைக்கு நம் வயசான நாய் கிழவன் தலையில் ஏறுவதே வேலை. கிழவன் தூங்கினால் வாலைக் கடிப்பான், சாப்பிட்டால் தட்டில் மூக்கை நுழைப்பான். கிழவன் உறுமுவான். உறுமினால் சண்டை வரும் என்று நான் ஒவ்வொரு முறையும் கிழவனையே அதட்டினேன், கொஞ்ச நாளில் உறுமல் நின்றது, பிரச்சினை தீர்ந்தது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். போன வாரம் ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டையின் காதைக் கடித்துவிட்டான். பயப்படாதே, தையல் போடவில்லை, ஆறிவிட்டது. எனக்குத்தான் பொறுமை போய், எங்கள் தொழிற்சாலை வெல்டரிடம் குட்டியை எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன். அம்மா சண்டை போடவில்லை, துணி மடித்துக்கொண்டே ஒன்று கேட்டாள்: "உங்க ஃபேக்டரி பாய்லர்ல அலாரம் அடிச்சா என்னன்னு போய்ப் பாப்பீங்களா, இல்ல ஒயரைப் பிடுங்கிட்டு டீ குடிக்கப் போவீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறுமல் சண்டை இல்லை, தள்ளிப் போ என்று ஒரு நாய் இன்னொன்றிடம் சொல்வது, அதைச் சொல்லவிடாமல் நான் வாயை அடைத்திருக்கிறேன். இப்போது தட்டுகள் வேறு வேறு அறையில், உறுமினால் நான் வாயே திறப்பதில்லை. முதல் இரண்டு நாள் கிழவன் உறுமுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தான், அது சுருக்கென்றது. நேற்று சாயங்காலம் நன்றாகவே உறுமினான். உருண்டை நின்றான், முகத்தைத் திருப்பி, எதையோ தேடுகிறவன் போலத் தரையை முகர்ந்துகொண்டே தள்ளிப்போய்ப் படுத்தான். சற்றுப் பொறுத்துக் கிழவனே எழுந்து போய் முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட வா என்று கூப்பிட்டான், மூட்டுவலி மாத்திரை சாப்பிடுகிறவன். இரண்டும் சேர்ந்து செருப்பு அலமாரியைக் கவிழ்த்தன. வெல்டரை வர வேண்டாம் என்றேன், சங்கிலி வாங்கியாச்சு என்று திட்டினார், திட்டை வாங்கிக்கொண்டேன். உருண்டை இங்கேதான் இருப்பான்.

வரும்போது வாசலிலேயே அவனைத் தூக்கிக் கொஞ்சாதே, முதலில் கிழவனிடம் போ. மழைக்கோட்டை இந்தத் தடவையாவது தொலைக்காதே. நன்றாகப் படித்து, நிறையச் சிரித்து, நல்லா இரு. இனி என்மேல் கோபம் வந்தால் அம்மா வழியாக அனுப்பாதே, என்னிடமே சொல். அதட்ட மாட்டேன்.

உன் அப்பா