பத்து மில்லி செகண்ட்

ராமகுப்பம்,
8-3-2004, திங்கட்கிழமை.

பிரஹ்லாதுக்கு, கல்பனா எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலம்தான் என்று போன வாரம் திருப்பதியில் உன் அம்மா வாயாலேயே கேட்டுவிட்டேன். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாயாம். சந்தோஷம். இங்கே யாரும் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. இதைச் சொல்லத்தான் உன் வீட்டு விலாசம் வாங்கி வந்தேன்.

நான் அனுப்பிய ஆறு மெயிலுக்கும் நீ பதில் போடவில்லை. லினக்ஸ்காரர்களின் மெயில் லிஸ்ட்டில் எழுதினால் உலகமே படிக்கும். நீயும் கோட்டு மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் மரியாதையாகப் பேசுவாய். அதனால்தான் காகிதம். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது, அது பின்னால் வரும். நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவள், ஒற்றுப்பிழை இருக்கும். அடுத்தவர் பிழையைத் திருத்துவது உனக்குப் பிடித்த வேலைதானே, உட்கார்ந்து திருத்திக்கொள்.

ஜனவரியில் நம் டிரைவரில் கை வைத்தாய். நம் டிரைவர் என்றுதான் எழுதுவேன். முதல் இரண்டு வரியில் இன்னும் உன் பெயரும் என் பெயரும்தான் இருக்கின்றன. நீ போன பிறகு நாலு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்கிறவள் நான். யாரும் சம்பளம் தரவில்லை. சித்தூரில் பாலிடெக்னிக் லேபில் வேலை முடிந்ததும் பிரேசில்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும் பதில் எழுதுகிறேன். அவர்கள் வீட்டிலும் அந்த மலிவான நெட்வொர்க் கார்டுதான். அந்தக் கார்டோடு லினக்ஸுக்குப் பேசத் தெரியாது, நம் டிரைவர்தான் பேச வைக்கிறது. டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர் என்றுதான் எங்கள் நைனா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிய வைத்துவிட்டேன். உனக்குத்தான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

99-ஆம் வருஷம் மே மாதம், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிட்டிபாபுவின் பிரவுசிங் சென்டர். வெயிலுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை ஷட்டரைப் பாதி இறக்கி, டிரைவர் எழுதிப் பார்க்க நம்மிடம் விட்டுவிடுவார். காலையில் ஒழுங்காக ஓடுகிற கார்டு மதியம் செத்துவிடும். ரீசெட் செய்தால் தன் விலாசமே தனக்குத் தெரியாமல் முழிக்கும். உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க, திரையில் ஒரு வரி எழுதச் சொல்லி நடுவில் நுழைத்தோம். உடனே ஓடியது. அந்த வரியை எடுத்தோம், செத்தது. போட்டால் ஓடும், எடுத்தால் சாகும். நீ கீபோர்டைத் தட்டி, நாற்காலியை உதைத்து, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதலாம் என்று குதித்தாய். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நில்லுப்பா, கொஞ்சம் நில்லுப்பா என்றேன்.

பதினோராம் நாள் புரிந்தது. அந்த வரியில் ஒன்றுமில்லை. அதை எழுத ஆகிற நேரம்தான் மருந்து. சூடேறிய சிப், ரீசெட்டிலிருந்து எழுந்திருக்க அவகாசம் கேட்கிறது. பத்து மில்லி செகண்ட். கண் இமைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காத்திருப்பை டிரைவரில் சேர்த்தவன் நீ. அதற்கு மேலே இங்கிலீஷ் எழுத்தில் "கொஞ்சம் நில்லு பா" என்று அடித்தவனும் நீ. எப்பப் பார்த்தாலும் உன் வாயிலேர்ந்து இதுதானே வர்றது, லினக்ஸ்லயும் இருந்துட்டுப் போகட்டும் என்று சிரித்தாய். சிட்டிபாபு நமக்கு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரியில் நீ அனுப்பிய மாற்றத்துக்கு இரண்டே வரியில் விளக்கம் எழுதியிருக்கிறாய். தேவையில்லாத தாமதம் நீக்கப்படுகிறது. பொருளில்லாத ஒரு குறிப்பும் நீக்கப்படுகிறது.

பொருளில்லாத குறிப்பு. அந்த லிஸ்ட்டில் இருக்கிற ஆயிரம் பேரில் தமிழ் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களில் அந்த வரியை எழுதியவன் நீ ஒருவன்தான். பரம்பரையாகத் திருமலையில் தமிழ்ப் பாசுரம் சேவிக்கிற குடும்பம் உன்னுடையது. உன் அப்பா வேதாந்தம் மாமா விடியற்காலையில் பெருமாள் முன்னால் நின்று சொல்வதும் அதே தமிழ்தான். அந்த வீட்டுப் பிள்ளை தமிழுக்குப் பொருளில்லை என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். வயிறு எரிந்தது, பிரஹ்லாத். இந்தக் கடிதம் ஏன் தமிழில் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எனக்கு ஒரு நகல்கூட அனுப்பவில்லை. என்னைத் தாண்டி நேராக மேலே, லினக்ஸைத் தொகுக்கிறவர்களுக்கு அனுப்பினாய். சிப் செய்த கம்பெனியில் வேலை பார்க்கிற நீயே வேண்டாம் என்கிறபோது வேறென்ன வேண்டும் என்று அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து நான் லிஸ்ட்டில் ஆட்சேபித்ததற்கு நீ எழுதிய பதிலை மனப்பாடமாகச் சொல்வேன். மதிப்பிற்குரிய மிஸ் கல்பனா, எங்கள் கையேட்டில் இப்படி ஒரு தேவை குறிப்பிடப்படவில்லை, ஆதாரம் இருந்தால் அனுப்பவும். மிஸ் கல்பனாவாம். எங்கள் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, களியும் மொச்சைக் குழம்பும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே என்று கெஞ்சியவன், எனக்கு மிஸ் போடுகிறான். உன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த பத்து மில்லி செகண்டால் இங்கே என்ன ஆயிற்று என்று கேள். ராமகுப்பம் பட்டுக்கூடு சங்கத்தில் பதினாலு கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் அதே கார்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் கூட நின்று போட வைத்தேன். அதற்கு முன்னால் கூட்டுக்கு விலை எப்படிப் பேசினார்கள் என்று நீயே பார்த்திருக்கிறாய். துண்டை மேலே போட்டு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். என்ன விலை என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. தரகர் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டும். கூடு கட்டிய பட்டு வீட்டில் தங்காது. இரண்டு மூன்று நாள் தாமதித்தால் பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும், நூல் போச்சு. தரகருக்கும் அது தெரியும். இப்போது ஒவ்வொருவர் கூட்டுக்கும் யார் என்ன விலை கேட்கிறார்கள் என்று சுவரில் பெரிய திரையில் வருகிறது. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, நம்பர் தெரியும். முதல் நாள் தன் கூடைக்கு வந்த விலையைப் பார்த்துவிட்டு அந்தத் திரை முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.

போன மாதம் எல்லா மார்க்கெட்டுக்கும் புது லினக்ஸ் சிடி வந்தது. அதில் உன் திருத்தமும் வந்தது. ஷெட்டுக்குத் தகரக் கூரை, பதினோரு மணிக்கே உள்ளே நிற்க முடியாது. பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டராக லைனிலிருந்து விழுகிறது, திரை வெறுமையாகிறது. கூடையோடு வரிசையில் நிற்கிறவர்கள் என்னைத்தான் பார்க்கிறார்கள். கன்னையா என்று ஒரு தரகர், எங்கள் ஊர்க்காரர்தான், மிசினு படுத்துக்கினு கீது, நம்ம துண்டு என்னைக்காவது படுத்துதா என்று நைனா காதுபடச் சொல்லிச் சிரிக்கிறார். போன வியாழக்கிழமை ஆறு பேர் துண்டுக்கடியில் விற்றுவிட்டுப் போனார்கள். நைனா தன் கூடையைத் திருப்பி எடுத்து வந்தார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பூச்சி வந்துவிட்டது.

போன மாதம் முதல் தடவை விழுந்தபோதே நான் பழைய டிரைவரைப் போட்டு ஓட வைத்தேன். நாலு நாள் நன்றாக ஓடியது. சித்தூரிலிருந்து ஆபீசர் வந்து, அனுமதி இல்லாததை எப்படிப் போட்டாய் என்று எடுக்க வைத்துவிட்டார். ஏம்மா, அமெரிக்கா கம்பெனியே அக்கரலேதுன்னு சொல்லியாச்சு, நீ யாரும்மா வேணும்ன்றதுக்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிடியில் வருவதில் சரியாகி வந்தால் பார்க்கலாமாம். ஏப்ரல் கடைசிக்குள் வராவிட்டால் பதினாலு பெட்டியையும் லாரியில் ஏற்றிவிடுவார்களாம். அதற்குப் பிறகு துண்டுதான்.

நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. காத்திருப்பு வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் சிப்பில் கோளாறு என்று ஒப்புக்கொண்ட மாதிரி. விற்ற கார்டையெல்லாம் திரும்பக் கொடு என்று எவனாவது கேட்பான். உன் கம்பெனி உன்னைக் கூப்பிட்டு, அந்த வரியை எடு என்று சொல்லியிருக்கும். கிரீன் கார்டு அவர்கள் கையில். நீ பயந்துவிட்டாய். பயந்தேன் என்று எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால், இருவரும் உட்கார்ந்து வேறு வழி பார்த்திருக்கலாம். என்னிடம் ஆதாரம் கேட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆதாரம் இருக்கிறது. போன வாரம் சிட்டிபாபு பரணிலிருந்து நாம் அன்றன்று குறித்துவைத்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். மே 22-ஆம் தேதி பக்கத்தில் உன் கையெழுத்தில் இருக்கிறது. கோளாறு சிப்பில்தான், பன்னிரண்டு கார்டில் பார்த்தாயிற்று, சந்தேகமே இல்லை. கீழே உன் கையெழுத்து. பக்கத்தில் சோடா பாட்டில் வைத்த வட்டம்கூட அப்படியே இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து லிஸ்ட்டில் போட எனக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. போட்டால் திருத்தம் மறுநாளே திரும்பிவிடும். உன் வேலையும் போய்விடும். இது மிரட்டல்தான், பூசி மெழுகவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று செய்திருக்கிறேன். இத்துடன் இருக்கும் தாளைப் பார். காத்திருப்பைத் திரும்பச் சேர்க்கிற மாற்றம் அது. சிப்பில் கோளாறு என்று எங்கேயும் எழுதவில்லை. அறை மிகவும் சூடானால் சில கார்டுகளுக்கு ரீசெட்டுக்குப் பிறகு பத்து மில்லி செகண்ட் தேவைப்படுகிறது என்று மட்டும் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். சில கார்டு அல்ல, எல்லாக் கார்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் கம்பெனி தலைகுனிய வேண்டாம், உன்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டாம் என்று நீ கேட்காமலேயே இந்தப் பொய்யை எழுதினேன். அதற்கு மேல் பழைய தமிழ் வரியும் இருக்கிறது. அதை எடுக்கமாட்டேன்.

கடைசியில் என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி காலி. நானும் ஏற்கிறேன் என்று கம்பெனி விலாசத்திலிருந்து நீ லிஸ்ட்டில் எழுத வேண்டிய வரி அது. என் பெயர் மட்டும் இருந்தால் நகராது, உன் பெயரும் சேர்ந்தால் நகரும். உலகம் அப்படித்தான் இருக்கிறது, அதைப் பற்றி இப்போது உன்னிடம் சண்டை போட நேரமில்லை.

உன் அம்மா காபி கொடுத்தார். நீ சனிக்கிழமைதோறும் பேசுவதாகவும், இப்போதெல்லாம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்றும் சொன்னார். ரெண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமாடி கொழந்தே என்று கேட்டார். இல்லை மாமி, வேலை விஷயம் என்றேன். நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. நம்ம வூட்ல துன்ன புள்ளம்மா அது, மறந்து கிறந்து போயிருப்பான், ஒரு வார்த்த எழுதிக் கேளு என்கிறார். பூச்சி அரித்த கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார். உனக்காகப் பேச இந்த ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை வரை லிஸ்ட்டைப் பார்ப்பேன். அன்று மாலைக்குள் உன் வரி வராவிட்டால் நோட்டு போகும். அதுவரை அது என் பெட்டியில் இருக்கும், ஒருவரிடமும் காட்டமாட்டேன்.

2000-த்தில் ரேணிகுண்டா ஸ்டேஷனில் உன்னிடம் ஒன்று கேட்டேன். நைனா முதல் பட்டு எடுக்கட்டும், நானும் வருகிறேன், கொஞ்சம் நில் என்றேன். உனக்கு விசா தேதி இருந்தது, ரயில் கிளம்பிவிட்டது. அதற்காக நான் உன்மேல் கோபப்பட்டதே இல்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபம்தான். அது இந்தக் கணக்கில் சேராது, நீயும் சேர்க்காதே. கொஞ்சம் நில் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன். இந்தத் தடவை நான் நிற்கிறேன். இருபத்தைந்து நாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வீடு வாங்கினால் நல்ல வீடாக வாங்கு. உன் அம்மாவிடம் இன்னும் இரண்டு வார்த்தை கூடப் பேசு.

உன் பெயருக்கு இடம் விட்டிருக்கும்,
கல்பனா