வெள்ளியைப் படம் பிடித்த அண்ணைக்கு

என்ரை அண்ணை,

உங்களைக் காட்டிக்கொடுத்தது யாரென்று தெரிந்துவிட்டது. இவ்வளவு காலமும் பக்கத்து வளவுச் சின்னத்துரையரைத்தான் சந்தேகப்பட்டேன். அவர் இல்லை.

ஜப்பான்காரன் வாறான் என்று ஊரே நடுங்கிய நாட்கள் அவை. தந்திக் கந்தோரில் வேலை பார்த்த நீங்கள், கோப்பாயில் உங்கள் பின்வளவில் தூரக்கண்ணாடியை நிறுத்தி, அதில் கண் வைத்துப் பார்க்கும் முனையில் கமராவைக் கட்டி, பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரியும் வெள்ளிக் கிரகத்தைப் படமெடுத்தீர்கள். நான் வந்து படம் பதியும் கண்ணாடித் தகட்டை எடுத்துத் தருவேன். தெருவால் போனவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். சின்னத்துரையர் நேரேயே கேட்டார்: "தம்பி, உதிலை கப்பல் ஏதும் தெரியுதோ?" நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொலிஸ் வந்த அன்று இன்ஸ்பெக்டர் ஒரு தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உது என்ன?"

"வெள்ளி, ஐயா."

"வெள்ளி பிறை மாதிரியோ இருக்கும்? உது நிலவு. ஏன் பொய் சொல்லுறாய்?"

சூரியனுக்கும் எங்களுக்கும் நடுவில் வரும்போது வெள்ளியும் தேயும் என்று நீங்கள் விளக்க விளக்க, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னதற்குத்தானே ஒற்றன் என்று கொண்டுபோனார்கள்?

மறியலில் அடைபட்டு, அந்தச் சிறையில் பிடித்த காய்ச்சலோடு திரும்பி வந்தீர்கள். வைகாசி பிறக்க முதல் கண்ணை மூடிவிட்டீர்கள்.

சண்டை முடிந்து, போன கிழமைதான் ஊர்த் தலைமைக்காரர் விதானையார், பொலிஸ் கொண்டுபோன தூரக்கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார். "குறை நினையாதை பிள்ளை. உன்ரை மனிசன் வந்து சொன்னபடியால்தான் பொலிசுக்கு அறிவிச்சனான்" என்றார்.

என்ரை மனிசன் இவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை.

"ஓம், நான்தான். நீயும் அங்கை நிண்டு தகடு எடுத்துக் குடுத்தனி. ஊர் உன்ரை பேரையும் சேர்த்துக் கதைக்கத் துவங்கீட்டுது. உன்னையும் கொண்டுபோயிருப்பினம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ அண்ணையோடை போய் நிண்டிருப்பாய்."

உண்மைதான். நின்றிருப்பேன்.

என்மேல் உள்ள அன்பில் செய்தாரோ? அப்படியும் நினைத்துப் பார்த்தேன், அண்ணை. ஆனால் உங்களுக்குப் பெண்சாதி பிள்ளை இல்லாதபடியால் உங்கள் வளவுக் காணி எனக்கு வந்தது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய முதலே அதில் புகையிலைக் கன்று வைக்கவேண்டும் என்று சொன்னவர் இவர். இப்போது தன்னுடைய பேருக்கு எழுதித் தரச் சொல்கிறார். "கந்தோர் வழிய அலையிற வேலை உனக்கேன்?" என்கிறார், அவ்வளவு பரிவாக.

சோறு போடும்போது முகத்தைப் பார்க்கிறேன். பயந்த மனிதனா, காத்திருந்த மனிதனா? ஒன்றும் பிடிபடவில்லை.

நேற்றுச் சின்னத்துரையர் வீட்டுக்குப் போனேன். "ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் முகம் குடுக்கேல்லை?" என்று கேட்டார்.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். இவர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும். தேத்தண்ணி கொடுப்பேன், கதிரை போடுவேன். கையெழுத்து மட்டும் வைக்கமாட்டேன், அண்ணை. இவர் கோபித்தாலும், அழுதாலும் வைக்கமாட்டேன்.

உங்களோடு ஒரு வயிற்றில் பிறந்த
தங்கச்சி