பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

ஏப்ரல் 14, செவ்வாய்

இந்த அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு பெட்டி. அனுபவம் மருத்துவம் சார்ந்ததா, சாராததா? ஒன்றைத்தான் குறிக்க முடியும். வீட்டில் இருக்க முடியாமல் போன பிள்ளைகள் தங்கும் இல்லத்தில் பதினான்கு மாதமாக வேலை செய்கிறேன். அது எதில் சேரும்? அரை மணி நேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

ஏப்ரல் 17

வாப்பாவின் கடைக்குச் சாரதா ஆன்ட்டி வந்திருந்தார். அவர் மகன் ஆர்யன் மெடிக்கல் ஸ்கூலில் இரண்டாம் வருடம்.

"அதெல்லாம் க்ளினிக்கல்ல வராதும்மா ஆஸிபா. பேபிசிட்டிங் மாதிரி. ஆர்யன் எமர்ஜென்சி ரூம்ல டாக்டர் கூடவே நின்னான், தெரியுமில்ல?"

தலையாட்டினேன்.

பேபிசிட்டிங்கா? நேற்று ஜே (பெயரை இங்கேகூட முழுதாக எழுதக் கூடாது) நாற்காலியைச் சுவரில் அடித்தாள். பதினைந்து வயது. நான் தரையில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் கழித்து அவளும் உட்கார்ந்தாள். இதற்கு என்ன பெயர்?

ஏப்ரல் 22

கல்லூரி ஆலோசகரோடு ஜூமில் பேசினேன். மருந்து கொடுப்பது நீயா? இல்லை, நர்ஸ். அங்குள்ள பிள்ளைகளை எப்படிச் சொல்வீர்கள், பேஷன்ட் என்றா? இல்லை, கிட்ஸ். "விண்ணப்பத்தை வாசிப்பவர்களுக்கு 'பேஷன்ட்' என்ற சொல் வேண்டும். எப்படி எழுதுகிறாய் என்பதைப் பொறுத்தது" என்றார்.

பொறுத்தது என்றால் ஆமாவா, இல்லையா? வீட்டில் யாரிடம் கேட்பது? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான்.

மே 3

சாப்பிடும்போது வாப்பா கேட்டார்: "அங்க நீ என்னதாம்மா செய்யிறே?"

"பிள்ளைங்களப் பாத்துக்கிறேன் வாப்பா."

"டாக்டரு பாப்பாரு. நீ பாத்துக்கிறே. ரெண்டும் ஒண்ணா?"

கேலி இல்லை. தெரியாமல்தான் கேட்டார். உம்மா மட்டும் விடவில்லை: "பாக்குறவருக்கு அப்பாயின்ட்மென்ட் உண்டு. பாத்துக்கிறவளுக்கு லீவே கிடையாது. என்னயக் கேளுங்க."

மே 19

'சார்ந்தது' என்று குறித்துவிட்டேன். எழுதி வைத்திருந்த விவரத்தில் 'கிட்' என்றும் 'ஜே' என்றும் இருந்ததையெல்லாம் 'பேஷன்ட்' என்று மாற்றினேன். வாசித்துப் பார்த்தேன்.

பேஷன்ட்டோடு கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டேன். பேஷன்ட் என் முக்காட்டு ஊசியை ஒளித்துவைத்துச் சிரித்தாள்.

யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன்?

மே 20

பொய் இல்லதானே. அப்புறம் ஏன் அனுப்ப முடியல?

மே 29

'சாராதது' என்று மாற்றினேன். இப்போது 'சார்ந்தது' பக்கம் காலி. அது காலியாக இருந்தால் இந்த வருடம் அனுப்புவதில் பயனில்லை என்று ஆலோசகரே சொல்லிவிட்டார்.

உம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப ஒரு வருஷம் போச்சா?"

"ஆமா உம்மா."

"சரி, சோறு ஆறுது."

சரியாகச் செய்தேனா? தெரியவில்லை. பயந்து செய்தேனா? அதுவும் தெரியவில்லை.

ஜூன் 8

க்ளினிக்குகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், காலை வேலைக்கு. மாலையில் இல்லம். ஜேயிடம் சொன்னேன். "ஸோ யூ'ர் லீவிங்" என்றாள். இல்லை, போகவில்லை என்றேன். நம்பவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

நியூ பிரன்ஸ்விக் க்ளினிக்கில் முதல் நாள். பதினொரு பேருக்கு ரத்த அழுத்தம் எடுத்தேன். இது எந்தப் பெட்டி என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவர் பெயர்கூட நினைவில் இல்லை.

நாலு மணி ஷிப்டுக்கு இல்லத்தின் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியபோது வாப்பா போன் செய்தார்.

"இன்னைக்கிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் வாப்பா. பதினோரு பேர."

"அப்ப முடிஞ்சிச்சா? வீட்டுக்கு வர்றியா?"

ஜன்னல் திரையை விலக்கி ஜே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். ஐந்து நிமிடம் தாமதம்.

"இல்ல வாப்பா. இன்னும் ஒருத்தி இருக்கா."