தொலையாமல் வந்தவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தமிழே காதில் விழாத இந்த ஊரில், ஷாப்பிங் மாலில் அதே விசாரணை மேசை வேலைதான். நேற்று ஒரு பெரியவர், "வீட்டுக்காரியைக் காணோம்மா, தமிழ் தவிர ஒண்ணும் தெரியாது" என்று பதறி வந்தார். மைக்கில் தமிழிலேயே கூப்பிட்டேன்: "அம்மா, கீழ லிஃப்ட் பக்கத்துக்கு வாங்க. ஐயா இங்கதான் நிக்கிறாரு."

வந்ததும் வராததுமாக அந்த அம்மா, "செருப்புக் கடையில நில்லுன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று ஐயாவைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே துடைப்பத்தோடு ஒருவர், கடைச் சீருடையில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்:

"நாங்க தொலையலக்கா. தமிழ்க் குரல் கேட்டுச்சு, சும்மா வந்தோம்."

இவர்களும் காணாமல் போனவர்களா என்று மேலாளர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நலம் விசாரிக்க வேண்டாம், வழக்கம்போல் என்னைத் திட்டினால் போதும்.

இடைவேளை முடிந்தது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்