முழுகாத மாதங்கள்

4 ஜனவரி 1953, ஞாயிறு

பனி. ஒன்பது மணி வரை பெங்களூர் ஜீவனஹள்ளியில் எதிர்வீடு தெரியவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பின் மாபெரும் முடிவொன்று எடுக்கப்பட்டது: மோவாய் மயிரை இனி இடுக்கியால் பிடுங்குவதில்லை, சவரம். வீட்டுக்காரர் கோயிலுக்குப் போன நேரத்தில், அவருடைய பிளேடாலேயே நிறைவேற்றம். எதிர்த்து ஓட்டு இல்லை. ஒரு கீறல்.

6 ஜன., செவ்வாய்

பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. மண்டையில் ஏறவில்லை, அவர்களுக்கு. வீடு திரும்பினால் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நான் கடைசியாக விலக்காகிப் பின்கட்டில் உட்கார்ந்து நாலு மாதம் ஆயிற்றாம். மாமியார் என்ற பதவியின் அதிகாரத்தில் அத்தை குழாயடியில் பிரகடனம் செய்துவிட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு முழுகாம இருக்கா."

பக்கத்து வீட்டுக் கன்னடத்தம்மா: "அதான் மூஞ்சி இப்படி ஊதிப்போச்சா! நான் தின்னு தின்னு வந்த ஊத்தம்னு நெனச்சேன், நோடம்மா!"

அப்படியெல்லாம் இல்லை, எனக்கு வயதுக்கு வந்ததிலிருந்தே இப்படித்தான், ஆறு மாதம்கூட வராமல் இருக்கும் என்றேன்.

"வாயக் கழுவு," என்றார் அத்தை.

இரவு சோறு இரண்டு மடங்கு.

12 ஜன., திங்கள்

மிஷன் ஆஸ்பத்திரி. அரைநாள் லீவு. அவரும் வந்தார். பிள்ளை இல்லை என்று லேடி டாக்டர் சொன்னதும் சுவரில் இருந்த யேசுவைப் பார்த்தார், புகார் செய்வதுபோல.

"யார் தப்பும் இல்ல, மிஸ்டர். சூல்பையில முட்டை முதிர்ந்து வெளிய வர்றதில்ல. சின்னச் சின்ன நீர்ப்பையா அங்கயே தங்கிடுது. மாசம் தவறுறது, ஒடம்பு போடறது, முகத்துல முடி, எல்லாம் அதோட சேர்த்திதான். சூல்பையில ஒரு துண்டு வெட்டி எடுத்தா சிலருக்குச் சரியாகுது, குழந்தையும் பொறக்குது. நீங்க கையெழுத்துப் போடணும்."

இவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "முடி போயிடுமா?"

"அதுக்கு உறுதி சொல்ல முடியாது."

"அப்புறம் எதுக்கு?"

பத்து வருடம் என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தேன். அநியாயமான நினைப்பு.

வீட்டில் அத்தை: "அறுத்துட்டா அப்புறம் அது பொம்பளையே இல்லடா." கையெழுத்து இல்லை.

18 ஜன., ஞாயிறு

அத்தை சொல்லியனுப்பி, அப்பா கோலார் தங்கவயலிலிருந்து வந்தார். கூடத்தில் பேச்சு. அடுப்படியில் நான்.

அத்தை: "வெளிய இருந்து ஒருத்தி வந்தா இவளத் தொரத்திடுவா, சம்மந்தி. உங்க சின்னவளே வரட்டும். அக்கா தங்கச்சி அனுசரிச்சுப் போவாங்க."

சென்னை ராஜ்யத்தில் இரண்டாம் தாரத்துக்குத் தடையாம். மைசூர் ராஜ்யத்தில் அந்தத் தொந்தரவு இல்லை என்று இவர் ஆபீசில் விசாரித்து வைத்திருக்கிறார். எப்போது விசாரித்தார் என்று தெரியவில்லை.

அப்பா: "பெரியவளக் கைவிடாம வச்சிக்கிறீங்களே, அதுவே பெருசு." பிறகு காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கல் என்றார்.

1 பிப்., ஞாயிறு

தங்கவயல். ரயிலில் கூட்டம். தங்கை சரோஜாவுக்கு இருபது வயது. என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனாள்.

"அக்கா, எனக்கும் மூணு மாசம், நாலு மாசத்துக்கு ஒருக்காத்தான். அம்மா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுச்சு."

எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவிடம் அங்கேயே. மாலை வீட்டுக்கு வந்து அத்தையிடம், அவரிடம். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பிறகு தாலி கட்டுங்கள் என்றேன்.

அப்பா: "கூடப் பொறந்தவ பேசற பேச்சா இது?"

அத்தை: "பாத்தியாடா, தங்கச்சி வாழ்வுல மண்ணப் போடறா."

அவர்: "நான் பாத்தேனே. அவ மொகத்துல ஒண்ணுமில்லியே."

15 பிப்., ஞாயிறு

கல்யாணம். வெயில். பந்தியில் ரசம் நன்றாக இருந்தது. நாத்தனார் வர முடியாததால் மூன்றாம் முடிச்சு நான். சரோஜா கழுத்து வியர்த்திருந்தது. "இறுக்கமாப் போடு," என்றார் அத்தை.

20 ஏப்ரல், திங்கள்

நேற்று இந்த வருஷத்தின் முதல் மழை. மாம்பழம் வந்துவிட்டது. பள்ளி மூடியாயிற்று. சரோஜாவின் விலக்கு நாட்களுக்கென்று கல்யாண வாரத்தில் அத்தை பின்கட்டில் ஒரு புதுப் பாய் வாங்கி வைத்தார். கடைக்காரன் கட்டிக் கொடுத்த கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.