வள்ளி ஓடி முடிக்கும் பாட்டு

பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு இன்றைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். சாயங்காலம் பெயிண்ட்காரர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிவிட்டு, கையையும் அதிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வாடை நம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தப் போனாள். "இருக்கட்டும் விடும்மா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மண்ணெண்ணெய் வாடைக்கு ஏங்குகிற மாமியாரை அவள் எங்கே கண்டிருப்பாள்? எனக்கோ நீங்களே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது.

என் விரல் இடுக்கில் ஒட்டிய அச்சு மையை நீங்கள்தான் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துவிடுவீர்கள். "சோத்துல மை வாடை அடிச்சா எவன் திங்கறது?" என்று ஒரு சாக்கு வேறு. அத்தனை பேர் நடமாடும் வீட்டில், பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க உங்களுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. எனக்குத் தெரியாதா என்ன!

அறுபதுகளில் நான் பீங்கான் கோப்பைகளுக்குப் பூப் போடும் வேலையில் இருந்தேன். ரப்பரில் வெட்டிய பூவை மையில் தொட்டுக் கோப்பையில் ஒற்றி, உள்ளே பிரஷ்ஷால் வண்ணம் நிரப்ப வேண்டும். நீங்கள் அங்கேயே பீங்கானுக்கு மண் அரைக்கும் கொட்டகையில். வீடு திரும்பும்போது உங்கள் இமை முடிகூட வெள்ளையாக இருக்கும். குளித்துவிட்டு நேரே மணிமுத்தாற்று மணலுக்குச் சடுகுடு ஆட ஓடிவிடுவீர்கள். அந்தக் காலத்தில் எதிராளி கோட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் அவுட்டு. உங்கள் தம் ஊருக்கே தெரியும். ஒரு முழுப் பாட்டைப் பாடி, ஆளையும் தொட்டுவிட்டு, திரும்பி வந்து சிரிக்கவும் உங்களுக்கு மூச்சு இருக்கும்.

அப்படி ஆடிவிட்டு வந்த ஒருநாள்தான் ஆரம்பித்தீர்கள். "புள்ளைங்களுக்கு ராஜா கதை இருக்குது, நரி கதை இருக்குது. நம்ம பக்கத்து ஆட்டக்காரங்களப் பத்தி ஒரு புஸ்தகம் இருக்குதா? நான் பாட்டாக் கட்டறேன், நீ படம் போடு."

"நான் பூவுதாங்க போடுவேன்."

"பூவப் போட்டவளுக்கு ஆளப் போடத் தெரியாதா?"

அந்தப் பாட்டுகளுக்கு ஒரே சட்டம்தான் வைத்தீர்கள். ஒவ்வொரு பாட்டையும் ஒரே மூச்சில் பாட முடிய வேண்டும். பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டே சடுகுடு ஆட வேண்டும். எழுதியதை நீங்களே வாசலில் குறுக்கும் நெடுக்கும் ஓடிப் பாடிப் பார்ப்பீர்கள். பாதியில் மூச்சு நின்றால் அந்தப் பாட்டு புத்தகத்தில் சேராது. "பாடிப் பாக்காம போட்டா அது புள்ளைங்கள ஏமாத்தறது" என்பீர்கள்.

முதல் புத்தகம் சேத்தியாத்தோப்புப் பக்கத்துச் சடுகுடு வீரர் மாணிக்கத்தின் கதை.

கோட்டைத் தாண்டிப் போனாராம் – மாணிக்கம்
கூட்டத் துக்குள் பாய்ந்தாராம்
காட்டு முயல்போல் குனிந்தாராம் – ஆறு
கையும் தப்பி வந்தாராம்

இதற்கு மேலும் நாலு அடி உண்டு. பிரஸ்ஸில் பாட்டை மட்டும் அடித்து, படத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தார்கள். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியில் நான் வெட்டிய படத்தை, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒற்றினோம். மாசி மகத்துக் கூட்டத்தில் அதை வாங்கிப் பார்த்த மாணிக்கம் நேரே நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "பாட்டு நல்லா இருக்குதுங்க. ஆனா நான் எப்பம்மா எடக்கையால ஆளத் தொட்டேன்?"

எனக்கு உயிரே போய்விட்டது. ரப்பரில் வெட்டி ஒற்றினால் இடம் வலமாக மாறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவரை பூவைத்தானே வெட்டியிருந்தேன், பூவுக்கு ஏது இடதும் வலதும்? நீங்களோ விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த வருஷம் ஆற்று மணலில் பொடிசுகள் எல்லாம் இடது கையால் ஆளைத் தொட்டன. மாணிக்கம் அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று இன்னும் நாலு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது, வேப்பூரில் லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு அதே கையோடு கைப்பந்து ஆடப் போன ஒருவரின் கதை. அதில் பாட்டுகள் நாலடியாகிவிட்டன. "இப்பதான் எழுத்து கைக்கு வந்திருக்குது, சுருக்கமா சொல்ல வருது" என்றீர்கள். நானும் பெருமைப்பட்டு எதிர்வீட்டு அக்காவிடம்கூடச் சொன்னேன். பிறகுதான் பார்த்தேன். நாலடி பாடி முடித்ததும் நீங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அரைத்த மண்ணின் தூசி நெஞ்சில் படிந்திருக்கிறது, இனிப் போகாது என்று டாக்டர் சொன்னார். ஆற்று மணலுக்கு நீங்கள் போவது நின்றுபோனது. வாசலில் ஓடிப் பார்ப்பதும் நின்று, உட்கார்ந்த இடத்திலேயே பாடிப் பார்த்தீர்கள்.

மூன்றாவது புத்தகம் வள்ளிக்கு. திட்டக்குடிப் பக்கத்துப் பெண். வெறுங்காலோடு ஓடி ஜில்லாப் போட்டியில் ஜெயித்தவள். அவள் கதையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். அதில் எல்லாமே இரண்டடிப் பாட்டு. ஓட்டத்தின் முடிவில் கட்டியிருக்கும் கயிற்றை அவள் தொடும் பாட்டு மட்டும் பாக்கி.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று தரம் பாடிப் பார்த்தீர்கள். மூன்று தரமும் முதல் அடியைத் தாண்டவில்லை.

"சட்டத்த வுட்டுடுங்க" என்றேன். "யாரு வந்து கேக்கப் போறாங்க?"

தலையை ஆட்டி மறுத்தீர்கள். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "நீ பாடு. நான் கேக்கறேன்."

"எனக்கெல்லாம் எங்கங்க பாட வரும்?"

"மூச்சு வருதில்ல? பாடு."

கூச்சத்தோடுதான் ஆரம்பித்தேன்.

ஓடு றாளே வள்ளி – கால்
ஊன்று முன்னே துள்ளி

முடித்துவிட்டு உங்களைப் பார்த்தேன். "இன்னும் தம் இருக்குதா?" என்றீர்கள். இருந்தது. இன்னொரு அடி சொன்னீர்கள். ஒரு வார்த்தை, ஒரு இளைப்பு, அடுத்த வார்த்தை. நான் அதைக் கோத்து, முதலிலிருந்து ஒரே மூச்சில் பாடிக் காட்டினேன். "இன்னும் இருக்குதா?" இன்னும் ஒரு அடி. வெயில் தாழ்ந்து, பெரிய கோயில் மணி அடிக்கும்போது எட்டாவது அடிக்கு வந்திருந்தோம். மாணிக்கத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்த முதல் எட்டடிப் பாட்டு அது. வள்ளி கயிற்றைத் தொட்டுவிட்டாள். நீங்கள் கைதட்டினீர்கள், சத்தமே வரவில்லை. நான் சமையல்கட்டுக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

புத்தகம் அச்சாகி வந்தபோது நீங்கள் இல்லை. எல்லாவற்றிலும் நானே படம் ஒற்றினேன். வள்ளியை இந்தத் தரம் சரியாக, தாளில் கயிறு வலது பக்கம் வரும்படி திருப்பி வெட்டியிருந்தேன். விரலில் ஒட்டிய மையைத் தேய்த்துக் கழுவவில்லை. தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பாட்டை இன்றும் பாடிவிட்டுத்தான் படுக்கிறேன். முன்பெல்லாம் முழுதும் பாடிய பிறகும் மூச்சு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை உங்களுக்குக் கொடுக்க முடியாமல் போயிற்றே. இப்போது எனக்கும் வயதாகிவிட்டது, ஆறாம் அடியிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. நீங்கள் இருந்தால் அடியைக் குறை என்பீர்கள். நான் குறைக்க மாட்டேன். நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மீதி இரண்டு அடியையும் பாடி முடிக்கிறேன். உங்கள் சட்டப்படி நான் அவுட்டு. ஆனால் ஆகட்டும். அந்தப் பெண் கயிற்றைத் தொடாமல் பாதி வழியில் நிற்கலாமா, சொல்லுங்கள்.